மௌஜ் மேளா சீசன் பாஸும் ராட்டினத்தில் நின்ற ஒன்றேகால் மணி நேரமும்

சரோஜினி நகர்,
புது தில்லி.
20-9-1987, ஞாயிறு

அன்புள்ள சாந்தகுமாரிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாயிருக்கிறோம், அங்கே நீயும் உன் வீட்டிலுள்ளவரும் டிசம்பரில் வரப்போகிற புது ஆளும் ஒரு குறையுமில்லாமல் இருக்க நெல்லையப்பர் துணை செய்யட்டும். என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து உட்கார்ந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் உனக்கு எழுதி இரண்டு வருஷமும் நாலு மாதமும் ஆகிறது. நீ என்னிடம் கேட்காமல் உன்னோடு படித்த வங்காளிப் பையனை ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு லுஸாகாவுக்கு விமானம் ஏறிய அன்று, இனி எனக்கு மகளே இல்லை என்று நான் சொன்னது உனக்கு நினைவிருக்கும், அடுத்த குவார்ட்டர்ஸ் ராமமூர்த்திக்கும் நினைவிருக்கும், அவ்வளவு சத்தமாகச் சொன்னேன். அதைப் பற்றி எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் மௌஜ் மேளா விஷயத்தை முதலிலிருந்து சொன்னால்தான் மற்றது விளங்கும், பொறுமையாகப் படி.

மௌஜ் மேளா என்பது நீ போனபிறகு ரிங் ரோடு தாண்டித் திறந்த பொழுதுபோக்குப் பூங்கா. ஜெயண்ட் வீல், பொம்மை ரயில், படகுக் குளம், பேய் வீடு, கரடி வேஷம் போட்டுக்கொண்டு குழந்தைகளுக்குக் கைகொடுக்கும் ஆள் என்று ஏக அமர்க்களம். பே கமிஷன் அரியர்ஸ் வந்த வாரம் அவர்களுடைய ஏஜெண்ட் ஒருவன் லஞ்ச் நேரத்தில் எங்கள் செக்‌ஷனுக்கே வந்து குடும்ப சீசன் பாஸ் விற்றான். முன்னூற்றைம்பது ரூபாய், ஒரு வருஷம் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம், எதில் வேண்டுமானாலும் ஏறலாம். பத்துத் தடவை போனால் போட்ட முதல் வந்துவிடும், பதினோராவது தடவையிலிருந்து எல்லாம் நமக்கு லாபம் என்று நான் கணக்குப் போட்டு வாங்கினேன். ஐம்பத்தாறு வயது ஆளுக்கு ராட்டினம் எதற்கு என்று உன் அம்மா கேட்டாள். வாங்கியாகிவிட்டது, கிளம்பு என்றேன். உண்மையில் நீ போனதிலிருந்து அவள் ஞாயிற்றுக்கிழமையானால் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருப்பாள், எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. இதை அவளிடம் நான் சொன்னதில்லை, நீயும் எழுதிவிடாதே.

இந்த வருஷம் மழை பொய்த்ததும் பவர் கட்டும் விலைவாசியும் நீ அங்கே ரேடியோவில் கேட்டிருப்பாய். எண்ணெய் விற்கிற விலைக்கு உன் அம்மா அப்பளத்தைச் சுட்டுத்தான் போடுகிறாள். ஆபீசிலும் சிக்கனம், பென்சில் இரண்டு அங்குலம் ஆகும்வரை புதுப் பென்சில் கிடையாது என்று சுற்றறிக்கை, நானே ஸ்கேல் வைத்து அளந்து கொடுக்கிறேன். அதெல்லாம் தேச நன்மைக்கு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் மௌஜ் மேளாவிலும் கத்திரி போட ஆரம்பித்தார்கள் பார், அங்கேதான் எனக்கு வயிறு எரிந்தது. முதலில் குளத்துத் தண்ணீரை வற்றவிட்டார்கள், படகுகள் சிமெண்டுத் தரையில் நிற்கின்றன, ஏறி உட்கார்ந்து துடுப்பைக் காற்றில் போட்டுக்கொள்ளலாம். அப்புறம் டீசல் விலை ஏறியது என்று ரயிலை நிறுத்தி இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள், ஏற்றம் வரும் இடத்தில் பயணிகளும் இறங்கித் தள்ளவேண்டும். கரடி வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டது. பேய் வீட்டில் திறப்பு விழா அன்று ஏழு பேய் இருந்ததாம், ஆள் குறைப்பில் ஆறு பேர் போய் ஏகாம்பரம் என்ற ஒரே பையன் மிச்சம். விழுப்புரம் பக்கத்துப் பிள்ளை, கட்டட வேலைக்கு தில்லி வந்து இதில் சேர்ந்தவன், யமுனைக்கரைக் குடிசையில் பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கிறான். எலும்புக்கூடும் அவன்தான், தலைவிரி கோலமும் அவன்தான், ஒரு மூலையில் அலறிவிட்டு இருட்டில் ஓடி அடுத்த மூலைக்கு வந்து மறுபடி அலற வேண்டும். மூன்றாவது மூலைக்கு வரும்போது மூச்சு வாங்கி அலறல் வராது, இருமல்தான் வரும். உன் அம்மா அவனுக்கென்று ஃபிளாஸ்கில் சுக்குக் காப்பி கொண்டுபோவாள், பேய் வீட்டில் சங்கிலிச் சத்தம் கேட்டதும் ஏ தம்பி, முதல்ல இதைக் குடி, பொறவு பயமுறுத்து என்பாள்.

பாதிப் பேர் பாஸைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். நான் விடுவேனா? கொடுத்த காசை வசூல் செய்யாமல் விடுவதில்லை என்று வாராவாரம் புளிச்சாதம் கட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனோம். திரும்பி வந்ததும் ஒவ்வொரு குறைப்புக்கும் ஒரு மனு, மூன்று நகல். ராமமூர்த்தி வாசலில் நின்றுகொண்டு அச்சா, சிவஞானம் சாப், இந்த வாரம் என்ன போச்சு என்று கேட்பார், சொன்னால் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். மனுக்களை நான் எழுதுவேன், உன் அம்மா பிரித்து அடுக்கிக் கொடுப்பாள், இங்கே ஒரு கையெழுத்து, இங்கே ஒன்று என்று விரலை வைத்துக் காட்டுவாள், நான் போட்டுக்கொண்டே போவேன். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் படிக்காமல் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டதில்லை என்று பெயர் எடுத்தவன் நான். வீட்டில்தான் அசந்தேன்.

இந்த மாதம் ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. ஜெயண்ட் வீல் மூன்று மணிக்கு ஒரே ஒரு தடவைதான் சுற்றும் என்று புதுப் போர்டு. நாங்கள் ஏறினோம், கீழ்த் தொட்டிகளில் ஒரு சர்தார்ஜி குடும்பம். சரியாக நாங்கள் உச்சிக்குப் போன நேரம் கரண்டு போயிற்று. காற்றில் தொட்டி அப்படியே ஊசலாடுகிறது, கீழே பார்த்தால் மோட்டார் பக்கத்தில் ஆளே இல்லை, ஏனென்றால் வீலை ஓட்டுகிறவனும் இப்போது ஏகாம்பரம்தான், வீலைச் சுற்ற விட்டுவிட்டு அலறுவதற்காகப் பேய் வீட்டுக்குப் போயிருக்கிறான். நான் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கந்த சஷ்டி கவசம் ஆரம்பித்தேன். உன் அம்மா நிதானமாகப் புளிச்சாதப் பொட்டலத்தைப் பிரித்தாள். பிறகு என் சட்டைப்பையிலிருந்து சீசன் பாஸை எடுத்து விரித்து, இன்னைக்காவது சொல்லுங்க, மகளே இல்லேன்னு ஊரைக் கூட்டிச் சொன்னீகளே, இதுல மூணாவது ஆளா யாரு போட்டோவை ஒட்டி வச்சிருக்கீக என்று கேட்டாள்.

அது உன் போட்டோதான். காலேஜ் ஐடெண்டிடி கார்டிலிருந்து உரித்து எடுத்தது, ஓரத்தில் பாதி சீல் கூட இருக்கிறது. நான் சொன்னேன், விண்ணப்பத்தில் குறைந்தது மூன்று பேர் இருந்தால்தான் குடும்ப ரேட், இரண்டு பேரைக் குடும்பம் என்று அவர்கள் ஒத்துக்கொள்வதில்லை, அதனால் விதியை உத்தேசித்து ஒட்டினேன் என்று. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் தில்லி முழுக்கத் தெரிகிறது சாந்தா, விமானம் ஒன்று பாலம் ஏர்போர்ட் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது, உன் அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் கம்பியை விடாமல் அதையேதான் பார்த்தேன்.

அப்புறம் சொன்னாள், நவம்பர் பதினாலாம் தேதி நான் சாந்தா வீட்டுக்குப் பிரசவம் பார்க்கப் போறேன், பாஸ்போர்ட் வந்தாச்சு, டிக்கெட்டும் அவளே அனுப்பிட்டா என்று. நான் கம்பியை விட்டுவிட்டேன். யாரைக் கேட்டுப் போகிறாய், பாஸ்போர்ட் ஏஜெண்ட் கணவனின் சம்மதக் கடிதம் கேட்பானே என்றேன். நீங்கதான் மே மாசமே கையெழுத்துப் போட்டுத் தந்தீகளே என்றாள். படகுக் குளத்தில் தண்ணீர் விடக் கோரும் மனுவுக்கும் ரயில் எஞ்சின் மனுவுக்கும் நடுவில் அந்தக் காகிதம் இருந்ததாம். மூன்று நகலிலும் போட்டிருக்கிறேன், கீழே தேதி வேறு! உனக்கு இதெல்லாம் முன்பே தெரிந்திருக்கும், நீயும் கூட்டுக் களவாணிதான். வாரம் ஒரு ஏரோகிராம் உனக்கு அவள் எழுதுவது எனக்குத் தெரியும், உன் பதில்களை அவள் அரிசி டின்னில் வைப்பதும் தெரியும், தெரியாத மாதிரி அரிசி அளந்துகொண்டிருந்தேன். ஆனால் இது தெரியாது. கோபம் வந்து எழுந்து நிற்கப் பார்த்தேன், தொட்டி ஒரு ஆட்டம் ஆடியது, உடனே உட்கார்ந்தேன். கோபித்துக்கொண்டு எழுந்து போவதற்கு அங்கே இடமில்லை. வீட்டில் இந்தப் பேச்சு வந்த ஒவ்வொரு தடவையும் நான் வெளியே போய் மார்க்கெட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் சொன்னதை எல்லாம் முழுக்க உட்கார்ந்து கேட்டேன். போன மாதம் நீ மலேரியாவில் பத்து நாள் படுத்ததையும், அந்தப் பையன் ராப்பகலாகக் கூட இருந்து கஞ்சி வைத்துக் கொடுத்ததையும், கஞ்சிக்கு உப்பு எவ்வளவு என்று உன் அம்மாவுக்கு டிரங்க் கால் போட்டுக் கேட்டதையும் அப்போதுதான் எனக்குச் சொன்னாள். உப்புக்காக ஆப்பிரிக்காவிலிருந்து டிரங்க் காலா என்று எனக்கு முதலில் தோன்றியது. பிறகுதான் வேறு மாதிரித் தோன்றியது.

கீழே கூச்சல் கேட்டது. பேய் வீட்டிலிருந்து ஏகாம்பரம் வெள்ளைப் போர்வையும் கரிபூசிய முகமும் பரட்டைத் தலையுமாகப் பட்டப்பகலில் ஓடி வருகிறான், சர்தார்ஜி குழந்தைகள் வீரிட்டுக் கத்துகின்றன, அவனோ அண்ணாந்து பார்த்து அம்மா பயப்படாதீங்கம்மா, நான்தாம்மா, கையாலயே சுத்தி இறக்கிடறேன் என்கிறான். போர்வையை வரிந்து கட்டிக்கொண்டு சக்கரத்துக் கம்பியில் தொங்கித் தொங்கி ஒவ்வொரு தொட்டியாக இறக்கினான், இறங்கின சர்தார்ஜியும் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு கூடத் தொங்கினார். உன் அம்மா மேலே உட்கார்ந்துகொண்டு கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள். இரண்டு வருஷமாக நான் கேட்காத சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன். ஒன்றேகால் மணி நேரம் கழித்து மண்ணை மிதித்ததும் ஏகாம்பரம் கையைப் பிடித்துக்கொண்டேன், என் வெள்ளைச் சட்டை பூரா கரி.

அடுத்த வாரமே மௌஜ் மேளாவை மூடிவிட்டார்கள். கதவில் நோட்டீஸ், நஷ்டம் தாங்கவில்லை, பாஸ்காரர்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது என்று. மனுக்கள் அத்தனையையும் ஒரே ஃபைலாகக் கட்டி எடுத்துக்கொண்டு முதலாளியைப் பார்க்கப் போனேன். அவருக்குச் சொந்தத் தொழில் கல்யாணத்துக்கு ஷாமியானாத் துணிப் பந்தல் வாடகைக்கு விடுவது. முதல் நாலு மனுவைப் படித்தவர் ஐந்தாவதில் கையெடுத்துக் கும்பிட்டார். பணம் இல்லை பாயி சாப், வேண்டுமானால் பாஸுக்குப் பதிலாக ஒரு நாள் பந்தல், எழுபது நாற்காலி, தரைக்கு ஜமக்காளம், சீரியல் விளக்கு இலவசமாகத் தருகிறேன் என்றார். ஏகாம்பரத்தையும் பந்தல் போடும் வேலையில் வைத்துக்கொண்டால்தான் சம்மதம் என்றேன், ஃபைலைப் பார்த்துவிட்டு அதற்கும் சரி என்றார். அவன் இப்போது அங்கேதான், இருமல் நின்றிருக்கிறது. வீட்டுக்கு வந்து சொன்னால் ராமமூர்த்தி, உங்கள் வீட்டில் என்ன விசேஷம், எழுபது நாற்காலியை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் ஒரே மகள் கல்யாணத்துக்கு வரவேற்பு வைக்க வேண்டியது பாக்கி இருக்கிறது என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, அப்படியானால் ஐஸ்கிரீம் என் செலவு என்றார்.

ஆகவே உனக்குத் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், மேற்படி பந்தல் மார்ச் 31 வரைதான் செல்லுபடியாகும், அதற்குமேல் நீட்டிப்பு கிடையாது என்று எழுத்து மூலமாகக் கொடுத்திருக்கிறார்கள். உன் அம்மா நவம்பரில் வருவாள், குழந்தைக்கு இரண்டு மாதம் ஆனதும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு நீங்கள் நாலு பேருமாகப் புறப்பட்டு வந்துவிடுங்கள். பிப்ரவரி கடைசியில் குளிரும் விட்டிருக்கும், குவார்ட்டர்ஸ் முன்னாலுள்ள புல்தரையைக் காலியாக வைக்கச் சொல்லி காலனிச் சங்க செக்ரெட்டரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் சொன்ன வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள்ள எனக்கு வேறு வழி தெரியவில்லை அம்மா. சத்தமாகச் சொன்னதை மைக் வைத்துத்தான் திருப்பி எடுக்க வேண்டும், மைக்கும் அவர்களே தருகிறார்கள்.

வெயிலில் அலையாதே, கொசுவலை இல்லாமல் தூங்காதே, இரும்புச்சத்து மாத்திரையைத் துப்பாதே, நீ துப்புவாய் என்று எனக்குத் தெரியும். உங்கள் இருவருக்கும் எல்லா நலமும் நிறையட்டும், சுகப்பிரசவமாகத் தாயும் பிள்ளையும் நன்றாக இருங்கள், என் ஆசிகள் முழுக்க உங்களோடு.

ஒரு காரியம், மறக்காமல் உடனே பதில் போடு. வரவேற்பு அழைப்பிதழ் அச்சுக்குக் கொடுக்க நானே எழுத உட்கார்ந்தேன். உன் பெயர், எங்கள் பெயர், இடம், நேரம் எல்லாம் எழுதிவிட்டு மாப்பிள்ளை பெயர் வரும் இடத்தில் பேனா நின்றுவிட்டது. இத்தனை நாளும் அந்தப் பையன் என்றே சொல்லிக்கொண்டிருந்ததில் எழுத்து எனக்குச் சரியாகத் தெரியவில்லை. உன் அம்மா சௌமேந்து என்கிறாள், ராமமூர்த்தி வங்காளத்தில் அது ஷொ என்று வரும் என்கிறார். மாப்பிள்ளையையே பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் வீட்டில் பெற்றவர்கள் எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படியே தமிழில் பெரிய எழுத்தாக எழுதி அனுப்பு. பிழையில்லாமல் அச்சாக வேண்டும்.

இப்படிக்கு
உன் அப்பா,
சிவஞானம்