கொழகொழ ராஜாவின் எச்சில்

ஜூன் 2

அன்புள்ள கமா,

இங்கே நான் சுகமாகத்தான் இருக்கிறேன். முழங்கை வரை பச்சைச் சாயம். நேற்று பால் ஊற்ற வந்தவர்கூட, "என்ன டீச்சர், கைக்குப் பாசி புடிச்சிருக்கு?" என்றார். நாம் ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர்கள் மட்டும் ஓய்வு பெறவில்லை. உன்னைக் கமா என்றும் என்னைச் சாயம் என்றும் கூப்பிட்ட அந்தத் தறுதலைகள் இப்போது எங்கே இருக்கிறார்களோ.

இத்துடன் வரும் பார்சலைப் பத்திரமாகப் பிரி. என் நாவல் முடிந்துவிட்டது. பன்னிரண்டு அத்தியாயம், முப்பத்தெட்டு படம். வசனங்களைப் படத்துக்குள்ளேயே என் கையால் எழுதியிருப்பதால் நகல் எடுத்தால் எழுத்து மங்குகிறது. அதனால் மூலப் படங்களையே அனுப்புகிறேன். பள்ளியின் கையெழுத்துப் பத்திரிகைக்கு இருபத்திரண்டு வருடம் நான் வரைந்தேன், நீ திருத்தினாய். உன் கண் படாமல் என் எழுத்து எதுவும் வெளியே போனதில்லை. இதுவும் போக வேண்டாம்.

கதை இதுதான். ஓர் அண்ணனும் தங்கையும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு கதவைக் கண்டுபிடிக்கிறார்கள். உள்ளே ஈர நாடு. அதை ஆள்பவன் கொழகொழ ராஜா. யானை அளவு, தவளைத் தோல், ஓயாமல் எச்சில் ஒழுகும் வாய். மந்திரிகள் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு அவன் வாயைத் தைத்துவிடத் திட்டம் போடுகிறார்கள். அவமானம் தாங்காமல் ராஜா எப்போதும் ஒரு கையால் வாயை மூடியே இருக்கிறான். ஏழாம் அத்தியாயத்தில் அந்தத் தங்கை அவன் கையை விலக்கி வாயைத் துடைத்துவிடுகிறாள். அதுதான் கதையின் உயிர்.

அச்சுக்குப் போவதற்கு முன், ஜூலை 12 சனிக்கிழமை, எங்கள் நூலகத்துச் சிறுவர் பிரிவில் பிள்ளைகளுக்குப் படங்களைக் காட்டிப் படிக்கப் போகிறேன். ஏழாம் அத்தியாயத்தை நீ வந்து படிக்க வேண்டும். கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரல் உன்னுடையது. என் வீட்டுக்காரர், நம் கணக்கு சார், இறந்துபோய் அடுத்த மாதத்தோடு இரண்டு வருடம். சார் போன அன்று வந்தவள்தான். அதற்கப்புறம் இந்த வீட்டுப் படி நீ ஏறவில்லை. இதையாவது சாக்காக வைத்துக்கொண்டு வா.

உன்,
சாயம்


ஜூன் 14

அன்புள்ள சாயத்துக்கு,

பார்சல் வந்தது. இரண்டு முறை படித்தேன். இந்த வயதில் உனக்கு இவ்வளவு கற்பனையா என்று மலைத்துப்போனேன். எழுத்துப் பிழை ஒன்பதே ஒன்பதுதான். முன்னெல்லாம் ஒரு பக்கத்துக்கு ஒன்பது விடுவாய்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. அந்த எச்சில் அதிகம். ஒழுகுகிறது என்று சொன்னால் போதாதா? நீயோ நூல் நூலாக வரைந்திருக்கிறாய். முகவாயில் ஒரு கோடு, கழுத்து மடிப்பில் ஒரு தேக்கம், நடுவில் நுரைக்குமிழி, அதில் ஒட்டிய சாப்பாட்டுத் துணுக்கு. வாயோரத்தில் காய்ந்து வெடித்த அந்த வெள்ளைப் பொருக்கை யார் பார்ப்பார்கள் என்று வரைந்தாய்? எனக்குக் குமட்டியது. மிகைப்படுத்தவில்லை. ஏழாம் அத்தியாயத்துப் படத்தைப் பார்த்த அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை. மருமகள் எட்டிப் பார்த்துவிட்டு, "அத்தை, இத சாப்பிடற மேசையில வைக்காதீங்க, புண்ணியமாப் போகும்" என்றாள்.

வகுப்பில் நாம் என்ன செய்தோம்? உதாரணத்துக்கு, முதல் வரிசையில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் முதலில் மண்ணைப் போட்டு மூடுவோம். மற்ற பிள்ளைகளைச் சுற்றி நிற்க வைத்து, பாருங்கள் என்று காட்ட மாட்டோம். மூட வேண்டியதை மூடுவதும் ஆசிரியர் வேலைதான்.

அதனால் உனக்குச் சிரமம் வேண்டாம் என்று ஒரு சின்ன உதவி செய்திருக்கிறேன். பத்திரிகைக்குச் செய்வேனே, அதே மாதிரி மெல்லிய தூரிகையில் ஒயிட்னர் தொட்டு, ரொம்ப அசிங்கமான இடங்களில் மட்டும் வைத்திருக்கிறேன். பதினோரு படம். காய்ந்ததும் ஊதிப் பார்த்துத்தான் கட்டினேன். ராஜா இப்போது பார்க்க லட்சணமாக இருக்கிறான்.

சனிக்கிழமைக்கு வர முடியும் என்று தோன்றவில்லை. முட்டி வலி. பஸ் படி ஏற முடிவதில்லை.

அன்புடன்,
கமா


ஜூன் 19

கமா,

பார்சலைப் பிரிக்கும்போது நூலகர் பெண் பக்கத்தில் இருந்தாள். ஆசையாக முதல் படத்தை எடுத்துப் பார்த்தவள், "மேடம், ராஜாவுக்குத் தாடி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். அடுத்ததை எடுத்துவிட்டு, "இதுல காக்கா எச்சம் போட்டுட்டுப் போயிருக்கு" என்றாள். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, வேலை இருக்கிறது என்று போய்விட்டாள்.

பச்சைக்கும் நீலத்துக்கும் மேலே கட்டி கட்டியாக வெள்ளை. ஓரம் தூக்கி, நடுவில் வெடித்து, தொட்டால் உதிர்கிறது. அறை முழுக்க அந்த ஸ்பிரிட் நாற்றம். ஜன்னலைத் திறந்து வைத்தும் போகவில்லை. ஒரு படத்தில் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். அடியிலிருந்த சாயமும் சேர்ந்து பெயர்ந்து, ராஜாவின் வாய் இருந்த இடத்தில் காகிதத்தின் பஞ்சு தெரிகிறது. எனக்கும் குமட்டியது. நீ சொன்ன அதே குமட்டல்தான், ஆனால் எச்சிலைப் பார்த்து வரவில்லை.

பத்திரிகையில் நீ மூடியது 'ன'வும் 'ண'வும். இது அப்படியா? பென்சிலால் ஓரத்தில் ஒரு குறி போட்டு, "இது எனக்குப் பிடிக்கவில்லை" என்று எழுதியிருந்தால் இரண்டு நாள் சண்டை போட்டு மூன்றாம் நாள் சமாதானமாகியிருப்போம். நீ கேட்கவில்லை. மூடிவிட்டு, உதவி என்று பெயர் வைத்திருக்கிறாய்.

நீயும் உதாரணம் சொன்னாய், நானும் ஒன்று சொல்கிறேன். ஒரு பிள்ளை தன் வீட்டை வரைகிறான். கூரை கோணல். அவன் வீட்டுக் கூரை கோணல்தான். நாம் அளவுகோல் வைத்து நேராக்கிக் கொடுத்தால், அது எந்த வீடு?

முப்பத்தெட்டில் எட்டிலோ பத்திலோ விழுந்திருந்தால் தூரிகை தவறியது என்று நினைத்திருப்பேன். ராஜா வாய் திறந்திருக்கும் பதினோரு படத்திலும், ஒன்று விடாமல், தேடித் தேடி வைத்திருக்கிறாய். அந்த வாயை உனக்கு முன்பே தெரியும் என்று நினைக்கிறேன். எனக்கு அதைப் பற்றி எழுது. முட்டியைப் பற்றி எழுதாதே.

சாயம்


ஜூன் 24

சாயம்,

உன் கடிதம் வந்து இரண்டு நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். உறையின் கனத்திலேயே தெரிந்துவிட்டது.

ஆமாம், தெரியும். முதல் படத்திலேயே தெரிந்தது. தவளைத் தோலும் யானை உடம்பும் போட்டாலும், வலது பக்கம் கோணிய அந்த வாய் கணக்கு சாருடையது. நம் மூவருக்கும் ஒரே மேசையில் இருபத்திரண்டு வருடம் மதியச் சாப்பாடு. எனக்குத் தெரியாமல் இருக்குமா?

சார் பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்த மூன்றாம் மாதம் வந்தேனே, அன்றைக்கு நடந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நீ, "கமா, பத்து நிமிஷம் பாத்துக்கோ, மருந்துக் கடைக்குப் போயிட்டு ஓடி வந்துடறேன்" என்று போனாய். பாலில் கரைத்த பிஸ்கட்டைக் கரண்டியால் ஊட்டச் சொன்னாய். இரண்டு கரண்டி ஊட்டினேன். சார் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார். "க... க..." என்றார். என் பேரைத்தான் சொல்ல நினைத்தார் போலிருக்கிறது. நான் குனிந்தேன். உள்ளே போனது எல்லாம் எச்சிலோடு சேர்ந்து வெதுவெதுவென்று என் மணிக்கட்டில் வழிந்து வளையலுக்குள் இறங்கியது. புளித்த பால் வாடை. சார் இடது கையால் என் கையைப் பிடித்திருந்தார். நான் உதறினேன், சாயம். ஒரு புழுவை உதறுவது மாதிரி உதறினேன்.

குளியலறைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். முகம் கழுவிக்கொண்டு, சார் பக்கம் திரும்பாமல் பின் கதவு வழியாகப் போய்விட்டேன். மகன் அவசரமாகக் கூப்பிட்டான் என்று உனக்குப் போன் செய்தேன். மகன் கூப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து அந்த வளையலைக் கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். பிறகு அதைப் போடவே இல்லை. முட்டி வலி அந்த வாரம்தான் வந்தது. கிட்டத்தட்ட நான்கு வருடம் அதையே சொல்லிச் சொல்லி, இப்போது நிஜமாகவே வலிக்கிறது.

அறுபது பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிட்ட கை இது. அவர் ஒருவரிடம் எனக்கு ஏன் அப்படி வந்தது என்று தெரியவில்லை. என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. உன் படங்கள் ஒவ்வொன்றிலும் அந்த மணிக்கட்டு ஈரம் திரும்ப வந்தது. அதனால் மூடினேன். உதவி இல்லை. நீ சொன்னது சரி.

சனிக்கிழமை வந்து ஏழாம் அத்தியாயத்தைப் படிக்கட்டுமா? அதையாவது செய்கிறேன்.

கமா


ஜூன் 30

கமா,

எனக்குத் தெரியும்.

நான் திரும்பி வந்தபோது பின் கதவு திறந்து கிடந்தது. கரண்டி தரையில். குளியலறை வாஷ்பேசினை நீ சரியாகக் கழுவவில்லை. ஓரத்தில் ஒட்டியிருந்ததை நான்தான் தேய்த்தேன். அதற்கு மேல் யாராவது எனக்கு விளக்க வேண்டுமா? நீ போன் செய்து மகன் கூப்பிட்டான் என்றபோது, "சரி, பாத்துப் போ" என்றேன். சண்டை போடவும் எனக்கு அப்போது நேரமில்லை.

இன்னொன்று உனக்குத் தெரியாது. சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். குளியலறைச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் அவர் கட்டில். அவருக்கு வாய்தான் போயிருந்தது, காது நன்றாகவே கேட்டது. நான் உள்ளே நுழைந்தபோது இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தார். அன்றிலிருந்து யார் வந்தாலும் பொத்திக்கொள்வார். டாக்டர் வந்தால், தம்பி வந்தால், கடைசியில் நான் வந்தாலும். ஊட்டுவதற்கு ஒவ்வொரு முறையும் அந்தக் கையைக் கெஞ்சி விலக்க வேண்டும். "நான்தான், சும்மா எடுங்க" என்பேன். ஒன்றே முக்கால் வருடம். ஏழாம் அத்தியாயம் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? அதில் நான் எதையும் கற்பனை செய்யவில்லை. தவளைத் தோல் மட்டும்தான் கற்பனை.

என்னைப் பெரிய தியாகி என்று நினைத்துவிடாதே. எனக்கும் அருவருப்பு வந்தது. தினமும் வந்தது. ஈரத் துண்டை மாற்றும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன். சில நாள் தாங்காமல் கொல்லையில் போய்த் துப்பிவிட்டு, ஐந்து நிமிடம் செடிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பிறகு உள்ளே போவேன். ஒரு நாள் அவர் கழுத்து மடிப்பின் நாற்றம் பொறுக்காமல், "சீ" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அது அவர் காதில் விழுந்தது. அந்த ஒரு எழுத்தை எந்த ஒயிட்னர் போட்டு மூடுவது?

அருவருப்பு வந்ததற்காக உன்மேல் எனக்குக் கோபமில்லை. அது தும்மல் மாதிரி, யாரைக் கேட்டும் வருவதில்லை. நானும் வெளியே போனேன், நீயும் வெளியே போனாய். நான் திரும்பி வந்தேன். நீ வரவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். அது கொஞ்சம் என்று நீ நினைத்தால் இந்தக் கடிதத்தை மறுபடி படி.

உனக்குப் படங்களை ஏன் அனுப்பினேன் என்று கேட்டால், பிழை பார்க்க மட்டுமல்ல. நீ பார்க்க வேண்டும் என்று அனுப்பினேன். பார்த்துவிட்டு ஒரு வரி எழுதுவாய் என்று எதிர்பார்த்தேன். நீ அவர் வாயை இன்னொரு முறை பொத்தி அனுப்பினாய்.

பதினோரு படத்தையும் புதிதாக வரைகிறேன். எட்டு முடிந்தது. சனிக்கிழமை நீ வர வேண்டாம். நீ நன்றாகவே படிப்பாய், அதுதான் பிரச்சினை. பிள்ளைகள் கை தட்டுவார்கள். எதற்குத் தட்டுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது, உனக்கு மட்டும் மனசு லேசாகும். அந்தக் கைதட்டலை உனக்குக் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை. நானே படித்துக்கொள்கிறேன்.

சாயம்


ஜூலை 13

சாயத்துக்கு,

வர வேண்டாம் என்றாய். வந்தேன். உனக்குக் கீழ்ப்படியாமல் இருப்பது எனக்குப் புதிதல்ல.

கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்து நாற்காலியில், உயரமான ஓர் அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். நீ பார்த்தாயா இல்லையா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை. உன் குரல் முதலில் நடுங்கியது, இரண்டாம் அத்தியாயத்துக்குள் சரியாகிவிட்டது. மந்திரிகள் மூக்கைப் பொத்தும் இடத்தில் பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள்.

ஏழாம் அத்தியாயத்தில் அந்தப் படத்தைத் தூக்கிக் காட்டினாய். பழையதைவிட மோசமாக வரைந்திருக்கிறாய். நூலும் நுரையும் பொருக்கும், கழுத்தில் அந்தத் தேக்கமும். நாற்பது பிள்ளைகளும் சேர்ந்து "ஐயே" என்றார்கள். என் முன்னால் இருந்த வாண்டு ஒன்று, "அம்மா, கொழகொழன்னு வருது பாரு, இன்னும் கிட்டக்கப் போலாம்" என்று அம்மாவை இழுத்தது. நான் எழுந்து வெளியே போய்விட்டேன். நூலகத்துக்குப் பின்னால் சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒரு குழாய் இருக்கிறது. அங்கே வாந்தி எடுத்தேன். இத்தனை வருடம் கழித்தும், வெறும் சாயத்தைப் பார்த்து.

பஸ் நிறுத்தம் அங்கிருந்தே தெரிந்தது. பஸ்ஸும் நின்றுகொண்டிருந்தது.

உள்ளே வந்தபோது நீ எட்டாம் அத்தியாயத்தில் இருந்தாய். அந்தத் தங்கை கையை விலக்கியதையும் துடைத்ததையும் நான் பார்க்கவில்லை. பிள்ளைகள் பார்த்தார்கள். உயரமான அப்பா நாற்காலியை எனக்காக நகர்த்திக் கொடுத்தார். கடைசி வரி வரை இருந்தேன். எல்லோரும் கை தட்டினபோது நான் தட்டவில்லை. அதை எனக்குக் கொடுக்க இஷ்டமில்லை என்று சொல்லியிருந்தாய்.

அருவருப்பு போய்விட்டது என்று எழுதினால் பொய். போகவில்லை. இதை எழுதும்போதும் தொண்டையில்தான் நிற்கிறது. சாரிடம் திரும்பிப் போக இனி வழியில்லை என்பதும் எனக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்க வேண்டியவரிடம் கேட்க முடியாது. உன்னிடம் கேட்டு அதை ஈடுகட்டவும் மாட்டேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். வியாழக்கிழமை காலை பத்தேகால் பஸ்ஸில் வருகிறேன். முன் கதவு வழியாக. நீ திறக்காவிட்டால் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போய்விடுவேன். அதற்கு அடுத்த வியாழக்கிழமையும் அந்த பஸ் உண்டு.

கமா