அறுந்த இழை

ஆடி வெள்ளி, 1971

சப்-ஜெயிலில் என் காவலில் இருக்கும் மல்லிகா மறுபடியும் கையைப் புண்ணாக்கிக்கொண்டாள். காலையில் கட்டைப் பிரித்து, “நல்லா ஆறிடுச்சு, இனிமே கட்டு வேணாம்” என்று சந்தோஷமாகச் சொன்னது நான்தான். அவள் முகம் செத்துப்போனது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. சாயங்காலம் பார்த்தால் ரத்தம்.

மருந்து போடும்போது கத்திவிட்டேன். “ஏன்டி இப்படிப் பண்ணிக்கினு இருக்கிற?”

என் மடியில் கையை வைத்தபடியே சொன்னாள். “நான் வளர்ந்த சர்க்கார் ஹோம்ல தறி கத்துக் குடுத்தாங்கமா. அறுந்த இழையத்தான் கையில எடுத்து முடிச்சு போடுவாங்க. நல்லா இருக்கிற இழைய யாருமா தொடறாங்க?”

எங்கள் வீட்டிலும் தறி ஓடுகிறது. காயம் இல்லாத நாளிலும் அவளோடு கொஞ்ச நேரம் உட்காரட்டுமா என்று ஜெயிலரைக் கேட்டேன்.

“புண்ணுக்குக் கட்டு போட்டா போதும்மா. கைதிகிட்ட ஒட்டிக்கினு உக்காராத” என்றார்.

வரும் வழியில் அம்மன் கோயிலில் ஒரே கூட்டம். இடித்துக்கொண்டு உள்ளே போனேன். அவள் புண் சீக்கிரம் ஆறிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு வந்திருக்கிறேன், பாவி.