பிணைக்கு ஓர் ஆள்

ராயக்கோட்டை
3-2-1957

சிரஞ்சீவி முனிவேலுக்கு அப்பா ராஜப்பன் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், சிவப்பிப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது, அதுவும் சுகம். டில்லிக் குளிரில் நீ எப்படி இருக்கிறாய் என்பதை முதலில் எழுது, மற்றதெல்லாம் பிறகு. ராகி அடித்து முடிந்தது, விளைச்சலைக் குறை சொல்வதற்கில்லை. அவரைக்காய்தான் இந்த வருஷம் சந்தையில் கேட்பாரில்லை, மூட்டையோடு போய் மூட்டையோடு திரும்பி வந்தேன், உன் அம்மா மூன்று வேளையும் அவரைக்காய்க் குழம்பே வைக்கிறாள். அது போகட்டும். எனக்கு இப்போது தலை சுற்றுகிறது, அதுவும் உன்னால்தான் சுற்றுகிறது, ஆகவே நிதானமாக உட்கார்ந்து படி.

பொங்கலுக்கு வந்தவன் கோட்டு போட்டுக்கொண்டு கோயில் முன்னால் நின்று பேசினாயே, ஞாபகம் இருக்கிறதா. சர்க்கார் உதவித்தொகையில் இரண்டு வருஷம் இங்கிலாந்தில் மண்ணைப் பற்றிப் படித்துவிட்டு வந்த பிள்ளை, ஊர்ப் பிள்ளைகளும் போகட்டும் என்று நினைக்கிறானே என்று நானும் பூரித்துப்போய் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கப்பல் செலவு அவர்களே கொடுப்பார்கள், தங்க இடம் உண்டு, கைச்செலவுக்கு மாதாமாதம் உண்டு, போய் வந்தால் குடும்பமே நிமிர்ந்துவிடும், பயப்படாமல் பெயர் கொடுங்கள் என்றாய். ஒரு வார்த்தை பொய்யில்லை. ஆனால் கண்ணு, இந்த ஊர் இதையெல்லாம் முன்பே கேட்டிருக்கிறது. குடகுக் காப்பித் தோட்டத்துக்கு ஆள் சேர்க்க வருகிற மேஸ்திரி அதே இடத்தில் நின்று இதையேதான் இதே வரிசையில் சொல்லுவான், அவனும் கோட்டு போட்டுக்கொண்டுதான் வருவான். சின்ன வயதிலேயே விடுதிக்குப் படிக்கப் போய்விட்ட உனக்கு இது தெரிய நியாயமில்லை, எனக்காவது உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

நீ பஸ் ஏறிய மறுநாளே மாரம்மா தன் இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள், கையைத் தொட்டுப் பாருங்க எப்படி முறுக்கி வச்சிருக்கு, எந்த மலைன்னாலும் ஏறுவானுங்க, ரெண்டு பேரையும் ஒரே தோட்டத்துல போடச் சொல்லுங்க என்கிறாள். அது தோட்டம் இல்லையம்மா காலேஜ் என்றால், எதுவானா என்ன, களி போடுவாங்களா என்கிறாள். சாந்தம்மா நேர்மாறு, நீ வந்த செய்தி கேட்டதுமே தன் பையனைத் தேன்கனிக்கோட்டைக்கு அக்காள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நீ போய்விட்டாய் என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகுதான் திரும்ப வரவழைத்தாளாம். டீக்கடையில் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தலைக்கு இவ்ளோன்னு துரை உன் மகனுக்குக் குடுப்பானா, இல்ல மொத்தமாவா என்று கேட்டார். ஒன்றுமே கிடையாது என்றேன். ஒண்ணும் இல்லாமயா டில்லியில இருந்து வந்து தொண்டை வத்தக் கத்திட்டுப் போறான் என்று சிரித்தார். டீக்காசை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன் முனிவேலு. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன், இவன் ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறான் என்று எனக்கே புரியவில்லை. கோபித்துக்கொள்ளாதே, கேட்க வேண்டியவனிடம்தான் கேட்கிறேன்.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். கோயில் முன்னால் அப்படிப் பேசினவன், அடுப்படியில் உன் அம்மாவிடம் வேறு மாதிரி பேசியிருக்கிறாய். போன வருஷப் பொங்கலுக்கு இங்கிலாந்தில் பனி கொட்டும்போது அறையில் தனியாக உட்கார்ந்து காய்ந்த ரொட்டியைத் தின்றுகொண்டு அழுதேன் என்றாயாம். அவள் அதை என்னிடம் சொல்லிவிட்டுத் தானும் அழுதாள். இதில் எதை நான் நம்ப, எதை ஊருக்குச் சொல்ல. இரண்டும் நிஜம்தான் என்று நீ எழுதுவாய், எனக்குத் தெரியும். இரண்டு நிஜத்தை வைத்துக்கொண்டு ஒரு பதில் சொல்ல எனக்குச் சாமர்த்தியம் போதவில்லை.

ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு பதில் சொல்ல வேண்டி வந்துவிட்டது. நம் மேற்கு வயலுக்குப் பக்கத்து வயல் சென்னப்பனின் மகள் ருக்மணி, பெங்களூரில் தாய்மாமன் வீட்டில் தங்கி பி.எஸ்ஸி. முடித்தவள், நீ போன வருஷமே கடிதத்தில் எழுதிச் சொன்ன இடத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள் அல்லவா, அவளை இங்கிலாந்தில் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வருஷப் படிப்பு. தகப்பன் சம்மதக் கையெழுத்துப் போட்டு இந்த மாதம் முடிவதற்குள் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடுமாம். சென்னப்பன் பேனாவைத் தொட மாட்டேன் என்கிறான். அவன் அண்ணன் குடகுக்குப் போனவன் போனவன்தான், இருக்கிறானா இல்லையா என்று இன்றைக்கும் தெரியாது. அவர்கள் பூர்வீக ஊர் வழக்கம் என்னவென்றால், மேஸ்திரி ஆட்களைக் கூட்டிப்போனால் தன் வீட்டு மனிதன் ஒருவனை ஊரிலேயே பிணையாக விட்டுவிட்டுப் போக வேண்டும், போனவர்கள் திரும்பினால்தான் அவன் ஊரை விட்டுப் போகலாம். அண்ணன் போனபோது அவசரத்தில் யாரும் பிணை கேட்கவில்லை. அந்தக் குறையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, போன வெள்ளிக்கிழமை வெற்றிலைத் தட்டோடு நம் வீட்டுக்கு வந்துவிட்டான்.

போகச் சொன்னவன் உன் மகன், அதனால என் மக திரும்பி வர்ற வரைக்கும் அவன் இங்க இருக்கணும், சம்மதம்னா வெத்தலைய எடுங்கண்ணா, நான் கையெழுத்துப் போடறேன் என்றான். இது கூலிக்கு ஆள் அனுப்புவது இல்லையப்பா, சர்க்கார் படிப்பு, என் மகன் மேஸ்திரியும் இல்லை என்று நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவன் தெலுங்குக்குப் போய்விட்டான், கோபம் வந்தால் அவனுக்குத் தமிழ் நிற்காது என்று உனக்குத் தெரியுமே. அவ்வளவு நல்ல இடம்னா போகச் சொன்னவன் பிணை இருக்க எதுக்குப் பயப்படணும் என்று கேட்டானே பார். பிறகு கொஞ்சம் இறங்கி வந்தான். ஊருக்குள்ளேயே இருக்க வேண்டாம், ஓசூரில் ஒரு வேலை வாங்கிக்கொண்டு வந்து சந்தைக்குச் சந்தை என் கண்ணில் பட்டால் போதும் என்றான். டில்லி உத்தியோகத்தை விட்டுவிட்டு வரச் சொல்ல நான் யார், வரச் சொல்லாமல் அந்தப் பெண்ணின் வாயில் மண்ணைப் போடவும் நான் யார் என்று புரியாமல் தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். உள்ளேயிருந்து வந்த உன் அம்மா வெற்றிலையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

உன் பதில் வந்ததும் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிச் சென்னப்பன் போன பிறகு அவளைச் சத்தம் போட்டேன், யாரைக் கேட்டு எடுத்தாய் என்று. ருக்மணிக்காகத்தான் எடுத்தேன், பொண்ணு படிக்க வேணாமா என்றாள். நான் நம்பவில்லை. அதே நேரம் அவள் எடுத்ததும் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது முனிவேலு, அது ருக்மணிக்காக வந்த சந்தோஷம் இல்லை. இதை உனக்கு எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஊருக்கு நல்லது செய்கிறோமா, பெற்ற பிள்ளையைக் கட்டிப்போடப் பார்க்கிறோமா என்று எனக்குத் தெளிவாகவில்லை. நேற்று ருக்மணி வந்தாள். பெரியப்பா, அண்ணனுக்கு எழுதாதீங்க, எனக்காக ஒருத்தரைக் கட்டிவச்ச மாதிரி இருந்தா எனக்கு அங்க படிப்பு ஏறாது என்றாள். சரியம்மா என்றேன். வாசல் வரைக்கும் போனவள் திரும்பி வந்து, எழுதுங்க பெரியப்பா என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று போய்விட்டாள்.

எழுதிவிட்டேன். வா என்று சொல்லவில்லை, வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முடியாது என்றால் பளிச்சென்று எழுதிவிடு, வெற்றிலையைத் திருப்பிக் கொடுப்பது என் பாடு, அப்போது ருக்மணிக்கு நீயே ஒரு வார்த்தை தனியாக எழுது, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் ஆகாது. உனக்கும் அந்தப் பெண்ணுக்கும் தாய் மாரியம்மன் நல்ல வழி காட்டட்டும். கம்பளியை மடித்துப் பெட்டியில் வைக்காமல் போர்த்திக்கொள். பதிலைக் கார்டில் எழுதாதே, கவரில் எழுது, கார்டு என்றால் என் கைக்கு வருவதற்குள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் படித்துவிடுவார்கள். அந்த வெற்றிலையை உன் அம்மா வாடாமல் ஈரத்துணியில் சுற்றித் தண்ணீர்ப் பானையடியில் வைத்திருக்கிறாள். உன் பழைய கயிற்றுக் கட்டிலையும் இன்று காலையில் வெயிலில் எடுத்துப் போட்டுக் கயிறு இறுக்க ஆள் கூப்பிட்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், வேண்டாம் என்று சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா,
மு. ராஜப்பன்