படிக்க மறுத்த குறுந்தகடு

2003, ஆகஸ்ட். திங்கள்

காலையிலேயே புழுக்கம்.

லூர்து இன்று தானாகவே கணினியைச் சுட்டினாள். பிறகு தன் தொண்டையை. அறுவை சிகிச்சைக்கு முன், விவிலியத் திருப்பாடல்களை நான் விருத்தமாக்கியதை அவள் வாசிக்க, எங்கள் மகன் அருள் பதிந்து தந்த குறுந்தகடு. குரல்வளையை எடுத்தபின் இத்தனை மாதமும் அதன் பக்கமே திரும்பாதவள். கேட்கத் துணிந்த அன்றுதானா தகடு ஓடாமற்போக வேண்டும்?

செருகினால் பெட்டி உறுமுகிறது. மேசையே அதிர்கிறது. விளக்கு சிமிட்டி அணைகிறது. தகடே இல்லை என்று திரையில் அறிவிப்பு.

செய்தவை: மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் துடைத்தது. மீண்டும் செருகியது. மாதா பாடல் தகட்டை இட்டுப் பார்த்தது; தடையின்றிப் பாடிற்று. ஆகவே குறை பெட்டியில் இல்லை.

லூர்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

செவ்வாய்

வெயில். சாணார்பட்டியிலிருந்து திண்டுக்கல் வரை பஸ்ஸில் நின்றபடி. தகடு விவிலியத்துக்குள்.

கணினிக் கடைக்காரர் புரட்டிப் பார்த்ததுமே, "என்ன பெரியவரே, கல்யாணப் பத்திரிகையவே ஒட்டி வச்சிருக்கீங்க!"

தலைப்பும் காப்புச் செய்யுளும் எழுதி, மைதாப் பசையிட்டு, ஒரு பக்கமாக நான் ஒட்டிய கெட்டி அட்டை.

"அந்தப் பக்கம் கனம். வேகமாச் சுத்துறப்ப ஆடுது. எப்படிப் படிக்கும்? உரிச்சிருவோம்."

ஒரு சீர் மிகுந்த அடி தடுக்குவது போல. நான் யோசிப்பதற்குள் அவர் நகம் அட்டையின் அடியில். பறித்துக்கொண்டேன். ஓரத்தில் வெள்ளிப் பொடி. வெளிச்சத்தில் பிடித்தால் ஊசித் துளை.

பூத்திலிருந்து அருளுக்குப் போன். "ஐயையோ, உரிச்சிராதீங்கப்பா! மேல் பக்கத்துலதான் பதிவே இருக்கு. அட்டையோட பிஞ்சு வந்திரும். வேற காப்பி கிடையாது, என் கம்ப்யூட்டர்ல அழிச்சுட்டேன்."

துளையைச் சொன்னேன்.

"ஓரத்துலதானே? பதிவு உள்ள இருந்து வெளிய போகும். ஓரம் காலியாத்தான் இருக்கும். இருக்கணும்."

அந்த 'இருக்கணும்' வீடுவரை கூடவே வந்தது. லூர்துவிடம் எல்லாம் சொன்னேன். அட்டையை விரலால் தடவிப் பார்த்தாள்.

புதன்

மேகமூட்டம், துளியில்லை. காலைச் செபம் பாதியில் நின்றது. மனம் தகட்டில்.

லூர்து அதை வாங்கி ஒரு பென்சிலில் மாட்டினாள். அட்டையுள்ள பக்கம் கீழே வந்து நின்றது. என்னைப் பார்த்தாள். மிச்சமிருந்த அட்டையை எடுத்து அதே அளவில் வெட்டினாள். தையல் பழகிய கை.

"வேணாம் லூர்து, ஈரம் ஏறிச்சின்னா..."

ஒரு விரலை உயர்த்தினாள். பசையை நகர்த்திக் கொடுத்தேன்.

எதிர்ப்பக்கம் ஒட்டினாள். நிழலில் உலர்த்தல். மீண்டும் பென்சில். இப்போது எப்படித் திருப்பினாலும் விட்ட இடத்தில் நின்றது.

மாலை, செருகினேன். உறுமல் இல்லை. விளக்கு சிமிட்டியது; அணைந்தது; எரிந்தது.

முதலில் வந்தது விருத்தம் அன்று. அவளுடைய அதட்டல்:

"ஏங்க, அந்த ஃபேன நிப்பாட்டுங்க. இரைச்சல் அம்புட்டும் இதுல விழும்ல?"

லூர்து எழுந்து போய் விசிறியை நிறுத்தினாள்.