மே மாதத்தில் போட்ட தக்காளி விதை

இஞ்சேருங்கோ, என் அன்பான மனிதரே,

நீங்கள் போய் எட்டாவது மாதம் நடக்கிறது. எங்கள் செயின்ட்-மிஷேல் பகுதி அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் இருபது வருசம் பெட்டி தூக்கிய டோர்வல் விமான நிலையத்துக்குத்தான் பெயர் மாற்றப் போகிறார்களாம். ஆனால் நான் எழுத வந்தது உங்கள் அருமைச் சிநேகிதர் செல்வநாயகத்தைப் பற்றி.

உங்கள் முப்பத்தோராம் நாள் கிரியைச் சாப்பாடு முடிந்த கையோடு அவர் எங்கள் சமையலறைக்குள் வந்தார். நீங்கள் தக்காளி விதை முளைக்கவைக்கிற லைற், தட்டுகள், விதைப் போத்தல் எல்லாவற்றையும் தன் காருக்குள் ஏற்றினார்.

"தங்கச்சி, இது உங்களுக்குச் சரிவராது. நான் முளைக்க வைச்சுக் கன்றாக் கொண்டுவந்து தாறன்" என்றார். கையில் வடை. அதை மென்றுகொண்டே, உங்களைப்போல ஒரு மனிதர் இனிப் பிறக்கமாட்டார் என்றும் சொன்னார்.

ஏப்ரல் முடியும்வரை பார்த்துவிட்டு ரெலிபோன் எடுத்தேன்.

"ஐயோ தங்கச்சி, விதை, கன்று எல்லாம் ஆக்களுக்குக் குடுத்து முடிஞ்சுது. எனக்கெண்டு வைச்சதுதான் கிடக்கு. கடையில ரெண்டு வாங்கி வையுங்கோவன்."

கடையிலாம். பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவர் தந்த பழத்திலிருந்து பதினாலு வருசமாக நீங்கள் எடுத்துவைத்த இனம் எந்தக் கடையில் கிடைக்கும்? இந்த அறிவோடுதான் அவர் கோயில் மண்டபத்தில் நின்று சனத்துக்குத் தோட்டம் படிப்பிக்கிறார்.

ஒன்றை மட்டும் அவர் விட்டுவிட்டுப் போயிருந்தார். ஜன்னலோரம் ஒட்டிக் காய்ந்து கிடந்த கை துடைக்கிற கடதாசி. ஊத்தை என்று நினைத்திருப்பார். கழுவிய விதையை நீங்கள் அதில் பரப்பிக் காயவிட்டதைப் பார்த்தவள் நான். ஒன்பது விதை இருந்தது.

மே முதல் கிழமையில், யோகட் கோப்பைகளில் ஈரமண் போட்டு ஊன்றினேன். மேலே பிளாஸ்ரிக் மூடி, சூடு வரட்டும் என்று பிரிஜ்ஜின் தலையில் வைத்தேன். ஆறாம் நாள் ஏழு முளைத்தன.

அடுத்த கிழமை அவர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "மே மாசத்தில ஆராவது விதை போடுவினமே? பங்குனியிலயெல்லே போடவேணும். இது பழுக்க முதல் சினோ கொட்டத் தொடங்கிடும். என்ரை கன்றுகள் இப்பவே நிலத்தில நிக்குது."

நிற்கட்டும் என்றேன். பத்து நாள் நல்ல வெயில் எறித்தால் குளிர் முடிந்தது என்று நினைக்கிற ஆள், கனடாவில் இத்தனை வருசம் என்ன செய்தார்? மூன்றாம் நாள் விடியப் பார்த்தால் உறைபனி. அடுத்த தெருவில் அவருடைய கன்றுகள் அவித்த கீரை மாதிரிக் கறுத்துக் கிடந்தன. எனக்குச் சந்தோசமாக இருந்தது. உங்களிடம் என்ன ஒளிப்பு?

பின்னேரம் வாசலில் நின்றார். "தங்கச்சி, அவர் வைச்சிருந்த இனம் அழியக் கூடாதெல்லே. ரெண்டு கன்று தந்தியளெண்டால்..."

"லைற்றைக் கொண்டுவாங்கோ அண்ணை. பிறகு கதைப்பம்."

அரை மணித்தியாலத்தில் கொண்டுவந்தார். ஜன்னல் வெளிச்சம் போதாமல் நூல்போலச் சாய்ந்து நின்ற என் முளைகள், அந்த லைற்றின் கீழே தண்டு தடித்து நிமிர்ந்தன. ஆனி நடுவில் ஐந்தை எங்கள் வளவில் நட்டேன். இரண்டை அவருக்குக் கொடுத்தேன். இரக்கப்பட்டு இல்லை. என்னுடையதை அணில் முறித்தால் விதை வேறொரு இடத்திலாவது இருக்கட்டும் என்றுதான். மனிதர் எப்படியோ, அவருடைய வளவில் நாள் முழுக்க வெயில்.

"கீழ் இலையைக் கிள்ளிப்போட்டுத் தண்டை ஆழமாத் தாழுங்கோ" என்றேன்.

"இது எனக்குத் தெரியாத விசயமே?" என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஓம், ஓம்" என்றார்.

புரட்டாதியில் முதல் பழம் சிவந்தது. பறித்த இடத்திலேயே நின்று உப்புத் தொட்டுத் தின்றேன். அப்போதுதான் உங்கள்மேல் கோபம் வந்தது. "தொடாதை, முறிஞ்சிடும்" என்று பதினாலு வருசம் என்னை அந்தத் தட்டுக்குக் கிட்ட விட்டீர்களா? மண் கொட்டினால் கூட்டுகிறது நான், முளை வந்தால் ஊரெல்லாம் சொல்லிப் புளுகுகிறது நீங்கள். இவ்வளவு சந்தோசத்தையும் தனியாகவா வைத்திருந்தீர்கள்?

மிச்சப் பழங்களில் எடுத்துவைத்த விதையை வருகிற பங்குனியில் நேரத்துக்கே போடுவேன், இது சத்தியம். அதன் முதல் பழத்தை உங்கள் படத்துக்கு முன்னால் வைக்கச் சொல்வார்கள். வைக்கமாட்டேன். நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் சண்டை பிடித்துவிட்டுப் பாதி தந்திருப்பேன்.

உங்கள் மனுசி,
சந்திரா