சாவியை ஒளித்தவளின் வாக்குமூலம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், அப்பா சுகம், கார் ரொம்பவே சுகம், ஒன்பது நாளாக வாசலை விட்டு அசையவில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது, காகிதம் ஏன் இத்தனை என்று யோசிக்காதே, கடைசியில் சொல்கிறேன். போனில் பேசியிருக்கலாம், ஆனால் நீ கூப்பிட்டால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. என் முழங்கால் வலி நிற்கவில்லை.

நீ அனுப்பிய நாவலை இரண்டு தடவை படித்தேன். கொலைகாரன் அட்டையில் வெட்டின பொம்மை மாதிரி இருக்கிறான் என்று பதிப்பாசிரியர் திருப்பி அனுப்பிவிட்டதாகவும், மாதக் கடைசிக்குள் அவனைச் சரிசெய்யாவிட்டால் புத்தகமே இல்லை என்றும், கோர்ட்டில் முப்பது வருஷம் சுருக்கெழுத்து எழுதியவள் ஒரு நிஜக் குற்றவாளியைச் சொல்லக்கூடாதா என்றும் எழுதியிருந்தாய். பதிப்பாசிரியர் சொன்னதில் தப்பில்லை பாப்பா. உன் ஆள் கண்ணாடி முன்னால் நின்று தனியாகச் சிரிக்கிறான், சின்ன வயதில் பெல்ட்டால் அடி வாங்கியிருக்கிறான், அதனால் ஐந்து பேரைக் கொல்கிறான். அடி வாங்கியவர்கள் எல்லோரும் கொல்லக் கிளம்பியிருந்தால் எங்கள் கணக்கு டீச்சர் ஓய்வு பெற்றிருக்கவே மாட்டார். நான் பார்த்தவர்களில் ஒருவரும் சிரித்ததில்லை. கூடப்பிறந்த அண்ணனைக் கொன்றவர் ஒருவர், வக்கீல் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருக்கும்போது கூண்டிலிருந்தபடி, ஃபேனைக் கொஞ்சம் குறைங்க, அந்தம்மா பேப்பர் பறக்குது என்றார். அந்தம்மா நான்தான். வழக்குக்குச் சம்பந்தமில்லை என்று அதை நான் குறிப்பில் எழுதவில்லை, ஆனால் அவர் சொன்னதில் இன்றைக்கு எனக்கு ஞாபகம் இருப்பது அது ஒன்றுதான்.

என்ன இருந்தாலும் கோர்ட்டில் நான் பார்த்தது வெளியே நின்று பார்த்தது. உள்ளே இருந்து பார்த்த குற்றவாளி ஒருத்திதான், அவளைச் சொல்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள். அப்பாவின் கார் சாவியை ஒளித்து வைத்தது நான்.

போன மாதம் கண் டாக்டரிடம் போனோம் இல்லையா, எல்லாம் பிரமாதம் என்று அப்பா உன்னிடம் சொன்னாரே, அது பொய். விழித்திரை தேய்ந்துவிட்டது, கண்ணாடி மாற்றியும் பயனில்லை, இனி வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்தப் பொடியன் பிறக்கும் முன்பே நான் பஸ் ஓட்டியவன் என்று சொல்லிவிட்டு அப்பா என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். நானும் ஏறினேன், அதுவும் என் தப்புதான். இரண்டு வாரம் கழித்து, நூலக வளைவில், ரோட்டைக் கடக்கப் போட்டிருக்கும் வெள்ளைக் கோடுகள் மேல் ஒரு பெண் தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். நான் கத்தினேன். பம்பருக்கும் குழந்தைக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும். அவ பாக்காம வர்றா என்றார் அப்பா. அவரிடம் பேசிப் பயனில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் அவர் குளிக்கப் போனதும் கதவோரத்து ஆணியிலிருந்து சாவியை எடுத்து என் பட்டன் டப்பாவின் அடியில் போட்டு மேலே பட்டன்களைக் கொட்டி மூடினேன். கை நடுங்கவில்லை. உன் நாவலில் எல்லோருக்கும் நடுங்குகிறது.

அதற்கப்புறம் நடந்ததுதான் உனக்குத் தேவைப்படும். அப்பா வீடு முழுக்கத் தேடினார், நானும் கூடவே தேடினேன், சோபாவை நகர்த்தினேன், டார்ச் அடித்துக் காட்டினேன். அவர் அலமாரியை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நகர்ந்தபோது ஒழுங்காகத் தேடுங்க என்று எரிந்து விழுந்தேன், அது நடிப்பில்லை, எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. வேலைக்கு வரும் அம்மாளையும் கேஸ் கொண்டுவந்தவரையும் ஒரு நாள் முழுக்கச் சந்தேகப்பட்டார், பிறகு பன்னிரண்டு வருஷத்து ஓட்டை வண்டி அவங்களுக்கு எதுக்கு என்று அவரே விடுதலை செய்துவிட்டார். என்னை ஒரு நிமிஷம்கூடச் சந்தேகப்படவில்லை. நாற்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவளை ஒரு பேச்சுக்காவது கேட்கக்கூடாதா என்று எனக்குச் சுருக்கென்றது. மாட்டிக்கொள்ளவில்லை என்று நிம்மதியாக இருக்க வேண்டிய நேரத்தில் இப்படி ஒரு வருத்தம். இதை உன் ஆளுக்குக் கொடு. இன்னொன்று, அவனுக்குக் குற்ற உணர்வு வாட்டியது என்று பதினோரு இடத்தில் எழுதியிருக்கிறாய், அதையெல்லாம் அடித்துவிட்டு, மூன்று தடவை டீ போட்டுக் கொடுத்தான் என்று எழுது. நான் அதைத்தான் செய்தேன்.

இதுவரைக்கும் நான் செய்தது சரி என்றுதான் இருந்தேன், ஒரு குழந்தை உயிரோடு இருக்கிறதே என்று. இன்று காலை துணி ஊறவைக்கும்போது அப்பாவின் சட்டைப் பையில் ஒரு சீட்டு இருந்தது. அவர் ஓட்டிய பஸ்ஸின் ஸ்டாப்புகளை ஒன்று முதல் முப்பத்திநாலு வரை வரிசையாக எழுதியிருக்கிறார், தன்னைத்தானே பரீட்சை வைத்துக்கொண்டிருக்கிறார். பத்தொன்பதாவதில் பெயர் இல்லை, கேள்விக்குறி. அடியில், வியாழன் பதினோரு மணி, மறதி டாக்டர், அவளிடம் சொல்ல வேண்டாம் என்று இருந்தது. டிப்போவில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சாவியை ஆணியில் மாட்டாமல் உட்காராத மனிதர், ஆணியில் சாவி இல்லை என்றால் தன் மூளையில்தான் ஏதோ கழன்றுவிட்டது என்று நினைத்துவிட்டார் பாப்பா. என்னைச் சந்தேகப்படாததற்குக் காரணம் அதுதான். ஒன்பது நாளாக அவர் தனியாகப் பயந்துகொண்டிருக்கிறார், நான் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அந்தப் பத்தொன்பதாவது ஸ்டாப் எது என்று நான் இங்கே எழுதப்போவதில்லை, கல்யாணத்துக்கு முன்னால் நான் தினமும் கோர்ட்டுக்கு ஏறின ஸ்டாப் அது.

நேரில் சொல்லலாம் என்று மூன்று தடவை கூடத்துக்குப் போனேன், மூன்று தடவையும் காய் என்ன நறுக்கட்டும் என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். அதனால்தான் எழுத்து பெரிதாக இருக்கிறது. என் கடிதத்தின் அடியில் அப்பா இரண்டு வரி எழுதி ஒட்டித் தபாலில் போடுவார் என்று உனக்குத் தெரியும், மேலே நான் எழுதியதை இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் படித்ததில்லை. இன்றைக்குப் படியுங்கள் என்று சொல்லி உறையை ஒட்டாமல் கொடுக்கப்போகிறேன். என்ன ஆகும் என்று தெரியாது. உன் புத்தகத்தில் எத்தனை பேர் செத்தாலும் நீ குடும்பத்தோடு நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். பேத்தியின் இருமலுக்கு வெந்நீர் கொடு. முக்கியமாக, அப்பா கேட்டார் என்று உன்னிடம் இருக்கும் மாற்றுச் சாவியை அனுப்பிவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா

மகளுக்கு, அப்பா. படித்தேன். பத்தொன்பது தண்ணீர்த் தொட்டி, சட்டையைத் துவைக்கப் போட்டபிறகு ஞாபகம் வந்துவிட்டது, அம்மா நம்பமாட்டேன் என்கிறாள். உன் கொலைகாரனை அப்படியே விட்டுவிடு, குடும்பத்துக்கு ஒருத்தி போதும். வியாழக்கிழமை மறதி டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், கண் டாக்டரிடம் போகிறோம், இரண்டு பேரும், பஸ்ஸில். அம்மா இவ்வளவு பெரிதாக எழுதியும் நான் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படித்தேன். மாற்றுச் சாவி உன்னிடமே இருக்கட்டும்.