முதுகில் தையல் இல்லையென்று வேலையிலிருந்து நீக்கியது பற்றி

அனுப்புநர்
அ. ஜோதியம்மாள்,
க/பெ. அப்பாசாமி,
பள்ளிக்கூடத் தெரு, அடி அண்ணாமலை,
திருவண்ணாமலை வட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
வேங்கிக்கால், திருவண்ணாமலை.

பொருள்: முதுகு நரம்புக்கு ஊசி வழியாகச் சிகிச்சை பெற்ற என்னை, பொய் சொல்லி விடுப்பு எடுத்ததாக வேலையிலிருந்து நீக்கியது, பலர் முன்னிலையில் முதுகைக் காட்டச் சொல்லி அவமானப்படுத்தியது – விசாரணை வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: சென்ற மாதம் தங்கள் அலுவலகத்தில் நான் கொடுத்த மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர், முதுகைக் காட்டிய விஷயத்தை எழுத வேண்டாம், உனக்குத்தான் அசிங்கம் என்றார். ஆகவே இம்மனுவை நானே எழுதுகிறேன். பிழை இருப்பின் பொறுத்தருள்க.

1. நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். மங்கலச்சுடர் கல்வி அறக்கட்டளையின் மாணவியர் விடுதியில் பதினொரு ஆண்டுகள் சமையல் செய்தேன். சோற்று அண்டாவை இரண்டு பேர் பிடித்து இறக்கிக் கஞ்சி வடிக்க வேண்டும். பௌர்ணமிக்குக் கிரிவலம் வருவோருக்கும் அறக்கட்டளையே அன்னதானம் போடுவதால் அன்று அதைவிடப் பெரிய அண்டா. புண்ணியம் அவர்களுக்கு, இடுப்பு வலி எனக்கு.

2. அந்த வலி நான்கு ஆண்டுகள் இருந்தது. உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் நிமிர முடியாது. பாயில் புரண்டு படுக்கவும் என் கணவர் கை கொடுக்க வேண்டும். மாத்திரை தின்று வயிறு புண்ணானதுதான் மிச்சம். கடைசியில் கறவை மாட்டை விற்று வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம்.

3. அங்கே மருத்துவர் முதலில் மரத்துப்போகும் ஊசி போட்டு, வலி எந்த நரம்பில் வருகிறது என்று பார்த்தார். பிறகு சிகிச்சை எப்படி என்று எனக்குப் புரியும்படி சொன்னார்: "கத்தி வெக்கப் போறதில்லம்மா. ஊசி வழியா அந்தச் சின்ன நரம்பை மட்டும் சூடு பண்ணுவோம். வலி சேதி மூளைக்குப் போவாது." எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே ஊசியை இறக்கினார்கள். அன்று மாலையே பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். மூன்று வாரம் கனம் தூக்கக் கூடாது என்று சான்றிதழ் கொடுத்தார்கள். அதை விடுதி மேலாளர் திரு. சக்கரவர்த்தியிடம் கொடுத்துத்தான் விடுப்பில் இருந்தேன். இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் குனிந்து வாசல் பெருக்கிவிட்டு நிமிர்ந்தேன். வலிக்கவில்லை. துடைப்பத்தைப் பிடித்தபடி நின்று அழுதேன்.

4. விடுப்பு முடிந்து வேலைக்குச் சென்ற அன்று மேலாளர் என்னை அலுவலக அறைக்கு அழைத்தார். கணக்கரும் காவலாளியும் என்னுடன் சமைக்கும் பச்சையம்மாளும் அங்கிருந்தனர். முதுகில் சிகிச்சை என்றால் தையல் இருக்கும், திரும்பி நின்று காட்டு என்றார். மறுத்தேன். காட்டாவிட்டால் நாளை முதல் வர வேண்டாம் என்றார். நான் சுவர்ப்பக்கம் திரும்பி முந்தானையை விலக்கினேன். ஊசி குத்திய இடம் அதற்குள் ஆறிப்போயிருந்தது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஒண்ணுமே காணோம். ஊசி போட்டதுக்கா மூணு வாரம் லீவு? காய்ச்சலுக்குக் கூடத்தான் ஊசி போடறாங்க." காவலாளி சிரித்தார். பச்சையம்மாள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

5. பிறகு அண்டாவை இறக்கிக் காட்டச் சொன்னார். வேலை போய்விடுமே என்ற பயத்தில் பச்சையம்மாளோடு பிடித்து இறக்கினேன். "பாரு, நல்லாத்தான் தூக்குது" என்றார். மறுநாள் காலை, நோயில்லாமல் பொய்யாக விடுப்பு எடுத்ததால் நீக்கப்படுவதாகக் கடிதம் கொடுத்தார்கள். சிகிச்சையால் குணமாகியிருக்கலாம் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

6. இவற்றையெல்லாம் சுருக்கமாக எழுதித் தங்களிடம் முதல் மனு கொடுத்தேன். அது விளக்கம் கேட்டு அதே அறக்கட்டளைக்கு அனுப்பப்பட்டது. அவர்கள் தந்த விளக்கத்தின் நகல் எனக்கு வந்தது. அதில், முதுகெலும்பு நோய் உள்ளவர் என்பதால் சமையல் வேலைக்கு நான் தகுதியற்றவள் என்று கண்டிருக்கிறது. இரண்டு தாளிலும் ஒரே மேலாளரின் கையொப்பம். நோய் இல்லை என்று நீக்கியவர்களே நோய் உண்டு என்றும் நீக்குகிறார்கள். ஐயா, எனக்கு இருப்பது ஒரு முதுகுதான்.

7. பச்சையம்மாள் சாட்சி சொல்லச் சம்மதித்திருக்கிறாள். அவளுக்கும் வேலை போகலாம். தெரிந்துதான் வருகிறாள். "என்னையும் ஒரு நாள் திரும்பி நில்லுன்னு சொல்லுவாங்க இல்ல அக்கா" என்றாள்.

எனவே, மேற்படி நீக்கத்தை ரத்து செய்து எனக்கு மீண்டும் வேலை வழங்கவும், ஒரு பெண்ணை ஆண்கள் முன்னிலையில் உடம்பைக் காட்டச் சொன்ன மேலாளர் மீது நடவடிக்கை எடுக்கவும் ஆவன செய்யும்படி வேண்டுகிறேன். சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவரிடம் அனுப்புங்கள், அவரிடம் காட்டுகிறேன். ஆனால் இந்த மனுவையும் விளக்கம் கேட்டு அவர்களுக்கே அனுப்பிவிட வேண்டாம்.

காலம் தாழ்த்த வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. சூடு வைத்த நரம்பு ஓரிரு வருடத்தில் திரும்ப வளரலாம், வலியும் திரும்பலாம் என்று மருத்துவர் சொல்லியனுப்பினார். மாட்டை விற்று வாங்கிய இந்த வலியில்லாத காலம் வீட்டில் சும்மா உட்கார்ந்தே கழிகிறது. அந்த நரம்பு வளருவதற்குள் நான் உழைத்துச் சாப்பிட வழி செய்யுங்கள்.

இடம்: அடி அண்ணாமலை
நாள்: 10.09.2007

இப்படிக்கு,
(ஒப்பம்)
அ. ஜோதியம்மாள்